குழுவில் கேட்ட மன்னிப்பு

மைசூர்,
18 ஆகஸ்ட் 1999

மதிப்புக்குரிய சுந்தராம்பாள் மேடத்துக்கு,

பூங்குழலி வணக்கத்துடன் எழுதுவது. சேலத்தில் மகள் வீட்டில் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை விட்டபாடில்லை. ஹெப்பாள் பஸ் வழக்கம்போலத் தாமதம், எட்டாம் வகுப்பு வழக்கம்போலச் சத்தம்.

ராஜினாமா அனுப்பிவிட்டீர்களாமே? எச்.எம். சொன்னதும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்.

வாராவாரம் என் பாடக்குறிப்பைச் சிவப்பு மையில் திருத்துகிறவர் நீங்கள். மைசூர் ஆசிரியர்களின் ஈமெயில் குழுவுக்கு நான் அனுப்பிய ஒளிப் பாடத்தின் குறிப்பையும், அக்ரஹாரத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதே பழக்கத்தில் திருத்தி, பத்துக்கு நாலு போட்டு அனுப்பினீர்கள். பதில் எனக்கு மட்டும் வரும் என்று நினைத்துவிட்டீர்கள். அது குழு முழுக்கப் போயிற்று. குழுவில் இருக்கும் ஓர் ஆசிரியையின் மகள் என் வகுப்பில் படிக்கிறாள். மறுநாளே பிள்ளைகள் என்னை 'நாலு மார்க் மிஸ்' ஆக்கிவிட்டார்கள். பாத்ரூமில் போய் அழுதேன், மேடம்.

அதைக்கூட மறந்திருப்பேன். நீங்கள் குழுவிலேயே அழகான இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டீர்கள். நானும் 'பரவாயில்லை மேடம்' என்று குழுவிலேயே பதில் போட்டேன். முகம் தெரியாதவர்கள் எல்லாம் நம் இருவரையும் பாராட்டினார்கள். ஆனால் ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை நீங்கள். அதுதான் தாங்கவில்லை.

சொந்த ஊரான ஹனூருக்குப் போனபோது அம்மாவிடம் புலம்பினேன். "அந்தம்மா பேசலீன்னா நீ பேசறது. உனக்கு வாயில்லியா கண்ணு?" என்று கேட்டுவிட்டார். மன்னிப்புக்கு முன்னால் குழுவில் சிலர், சீனியர் என்றால் இப்படியா என்று எழுதினார்களே, அது உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

ஒளிப் பாடத்தை உங்கள் திருத்தத்தின்படியே நடத்தினேன். கடைசி பெஞ்சுக்கும் புரிந்தது. அதைச் சொல்லலாம் என்று ஸ்டாஃப் ரூமுக்கு ஓடிவந்தேன். நீங்கள் இல்லை.

ராஜினாமாவை மாதக் கடைசியில்தான் நிர்வாகத்துக்கு அனுப்புவாராம் எச்.எம். அதற்குள் வந்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். இதற்குக் குழுவில் பதில் வேண்டாம். கடிதமும் வேண்டாம். மன்னிப்பு வேண்டவே வேண்டாம். வந்து என்னைத் திட்டுங்கள், அக்கா. நேரில் திட்டுங்கள்.

உங்கள் கோபத்துக்கும் பிரியத்துக்கும் உரியவள்,
பூங்குழலி