தொட்டிலுக்கு மேலே ஒரு ஸ்பீக்கர்

மார்ச் 4, செவ்வாய்

ஸ்பீக்கர் பெட்டிக்குப் பலகை அறுத்தாகிவிட்டது. தொட்டிலுக்கு மேலே இருக்கிற தட்டில்தான் வைக்கப்போகிறாராம் என் வீட்டுக்காரர். பாப்பா தவழ ஆரம்பித்துவிட்டாள், கீழே வைத்தால் ஒயரை இழுப்பாள். தொட்டிலை நகர்த்தவும் வழியில்லை: ஒரு பக்கம் கட்டில், ஒரு பக்கம் கதவு.

மார்ச் 5, புதன்

எந்த பாசிவ் ரேடியேட்டர் வாங்குவது என்று சாப்பிடும்போது முழுக்கப் பேச்சு. காந்தம் இல்லாத, கரண்ட் போகாத வெறும் கூம்பு அது. பெட்டிக்குள் காற்று தள்ளினால் அசையும். பாட்டின் அடித்தொனி, பாஸ், கனமாகக் கேட்கும். பெரியதாக ஒன்று, முன்பக்கத்தில் போதும் என்கிறார்.

"சின்னதா ரெண்டு வாங்கி எதிரெதிரா வைங்க. ஒண்ணு உதைக்கிறதை இன்னொண்ணு அடக்கிடும். ஒண்ணுன்னா பெட்டியே உதறி நகரும்."

"நடந்து வருமா? கால் முளைச்சிருக்கா அதுக்கு?"

சிரித்தேன். அப்புறம், "போன மாசம் ஃபேன் விழும்னே. அதுக்கு முன்னாடி கொசுவலை கழுத்தைச் சுத்தும்னே. இப்ப இதுவா?" என்றார். கோபமாகக்கூட இல்லை, அலுப்பாக. அதுதான் சுருக்கென்றது.

மூன்று வருடம் இயற்பியல் படித்தேனே, அது பேசுகிறதா? இல்லை, பாப்பா பிறந்ததிலிருந்து வயிற்றில் உட்கார்ந்திருக்கும் பயமா? எனக்கே தெரியவில்லை.

மார்ச் 8, சனி

வந்துவிட்டது. பெரியது. ஒன்று.

மார்ச் 9, ஞாயிறு

மேசைமேல் வைத்து ஓட்டினோம். நல்ல சத்தம், பொய் சொல்லக் கூடாது. பெட்டியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். "ஆரம்பிச்சிட்டியா," என்றார். இரண்டு பாட்டு முடிவதற்குள் பெட்டி ஒரு விரல் அகலம் கோட்டைத் தாண்டிவிட்டது.

"மேசை சாய்வா இருக்கு."

பெட்டியைத் திருப்பி வைத்தேன். இப்போது எதிர்ப்பக்கம் நகர்ந்தது. பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் சொன்னதுதான் சரி. ஆனால் சந்தோஷமே இல்லை. இது நிஜம்னா — ஃபேன்? கொசுவலை? இனிமே எதைத்தான் நான் பயம்னு ஒதுக்குறது? இதை யார்கிட்ட சொல்ல.

மார்ச் 11, செவ்வாய்

பெரியதைத் திருப்பி அனுப்பிவிட்டார். "பாஸ் சரியா வர, சின்னது ரெண்டுலயும் எவ்வளவு எடை ஒட்டணும்? நீயே கணக்குப் போட்டுச் சொல்லு." போட்டேன், பாப்பா பேனாவைப் பிடுங்கப் பிடுங்க.

மார்ச் 16, ஞாயிறு

முன்பக்க ஓட்டையைப் பலகையால் அடைத்துவிட்டு, சின்னதைப் பக்கத்துக்கு ஒன்றாகப் பொருத்தினார். இரண்டு கூம்பும் குதிக்கின்றன; பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தால் ஒரு அசைவும் இல்லை.

"தட்டுல வைக்கலாமா?"

கணக்கு சரி. கண்ணாலும் பார்த்தாச்சு. தெரியும். தெரிஞ்சும்...

என் முகத்தைப் பார்த்தார். மீந்த பலகையில் ஒரு பட்டை அறுத்துத் தட்டின் விளிம்பு நெடுக ஆணி அடித்தார், தடுப்பாக.

"இது கணக்குல வராதே," என்றேன்.

"வராது. இது உனக்கு."

மார்ச் 20, வியாழன்

மத்தியானம் பாப்பா தொட்டிலில் தூங்கினாள். மேலே மெதுவாகப் பாட்டு. நான் அடுப்படியில் இருந்தேன். பாட்டு மாறியபோதுதான் உறைத்தது, இவ்வளவு நேரமும் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. உடனே ஓடிப்போய்ப் பார்த்தேன்தான். தூங்கிக்கொண்டிருந்தாள்.