மூன்றாமிடத்தில் போனவன் சட்டி கழுவ வேண்டும்

மச்சான்,

காலையில் கல்முனைச் சந்தையில் வாங்கி வந்த பழப்புளியைக் குசினியில் வைத்து மனைவி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். வீடெல்லாம் புளி மணம். நான் கேட்காமலே கொட்டைகளைக் கழுவி ஒரு கோப்பையில் போட்டு என் முன்னால் வைத்தாள். "இந்தாங்க, உங்கட சொத்து. எறிஞ்சிட்டன் எண்டு பிறகு என்னோட சண்டைக்கு வராதீங்க" என்றாள். அந்தக் கோப்பையைப் பார்த்ததிலிருந்து உன்னோடுதான் கதைத்துக்கொண்டிருக்கிறேன்.

போக்கர் சீட்டாட்டத்தைக் கட்டாரிலிருந்து பாண்டிருப்புக்குக் கொண்டுவந்தவன் நீ. உன் அறையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரன் பழக்கியதாம். பெட்டி நிறையச் சாமானோடு வருவாய் என்று பார்த்திருந்தோம். நீ இரண்டு கட்டு காட்ஸோடு வந்து நின்றாய். கல்யாணச் சமையல் செய்யும் ராசிக் காக்கா காதைப் பொத்திக்கொண்டார். "காசு வெச்சா ஹறாம். என்ட கொட்டில்ல அது நடக்காது." காசே வேண்டாம், புளியங்கொட்டை போதும் என்று நீதான் அவரை மசிய வைத்தாய். அவருடைய சமையல் கொட்டிலிலேயே ஆடி, சமைத்துச் சாப்பிடுவோம். ஒரு சஹன் தட்டுச் சோற்றைச் சுற்றி ஆறு பேர் உட்காருவது காக்காவின் ஆட்களுக்கு வழக்கம். ஆகவே மேசைக்கும் ஆறு பேர் என்று அவரே தீர்மானித்தார்.

பரிசையும் அவரே வைத்தார். கொட்டை தீர்ந்து முதலில் எழும்புகிறவன் வெங்காயம் உரிக்க வேண்டும். அடுத்தவன் மீன் வெட்டுவான், அதற்கடுத்தவன் தேங்காய் துருவுவான். மூவர் மிஞ்சியிருக்க, மூன்றாமிடத்தில் போகிறவன் பாடுதான் பெரும் பாடு: எல்லோரும் சாப்பிட்டு முடிய, கரி பிடித்த சட்டியைக் கழுவ வேண்டும். கடைசி இரண்டு பேருக்கும் ஒரு வேலையும் இல்லை. "இது சூது இல்ல, வேல பங்கு பிரிக்கிறது" என்று காக்கா தனக்குத் தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். நாங்கள் வேறு யாரிடமும் கேட்கப் போகவில்லை.

கையில் இரண்டு காட்ஸ், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. அவ்வளவுதானே என்று நினைத்து முதல் மாதம் முழுக்க நான் வெங்காயம் உரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்க நீ பக்கத்தில் வந்து சிரிப்பாய். நாம் விளையாடியது அளவு கட்டிய ஆட்டம். ஏற்றினால் இத்தனை கொட்டைதான், அதற்கு மேல் ஒன்றும் வைக்க முடியாது. "இதுல ஒருத்தனையும் வெருட்ட ஏலாது மச்சான். கடைசிக் காட்ஸ் வரைக்கும் வந்தவன் எப்பிடியும் பாத்திட்டுத்தான் போவான். அவனுக்குப் பொய் காட்டாத" என்பாய். தொடக்கத்தில் நல்ல காட்ஸ் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். காட்ஸ் பார்க்கும் முன்னரே இருவர் வைக்க வேண்டிய கட்டாயக் கொட்டை போகப் போகக் கூடும். ஆளும் குறைந்த பிறகு காத்திருந்தால் கொட்டை தானாய்க் கரைந்துவிடும். அப்போது நீதான் முதலில் கை வைக்க வேண்டும். "ஏத்து, இல்லாட்டி காட்ஸ எறிஞ்சு ஒதுங்கு. பக்கத்து வீட்டுக்காரன் போறான் எண்டு நீயும் கூடப் போகாத."

நீ மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வரத் தொடங்கிய பிறகு மேசையின் சுபாவமே மாறிப்போனது. உன் சட்டைக் கழுத்து அகன்று தெரிந்தது. எல்லோருக்கும் உன்னைக் கடைசி இருவரில் ஒருவனாக உட்கார வைத்துவிட வேண்டும் என்று ஒரே தவிப்பு. உனக்கு அது தெரியும், உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தாய்.

ஒரு செவ்வாய்க்கிழமை நீ, நான், ராசிக் காக்கா மூவரும் மிஞ்சியிருந்தோம். உன்னிடம் கொஞ்சக் கொட்டைதான். நீ ஏற்றினாய். காக்கா காட்ஸை எறிந்தார். அது மேசையில் நிமிர்ந்து விழுந்தது. ஆஸும் ராசாவும். அப்படிப்பட்ட காட்ஸை யாரும் எறிவதில்லை.

"காக்கா, நோய் வருத்தம் எனக்குத்தான். என்ட காட்ஸுக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றாய்.

அடுத்த கையிலும் நீ ஏற்றினாய். காக்கா ஒதுங்கினார். என்னிடம் இரண்டு ஜாக். விட்டுவிடு என்று காக்கா கண்ணைக் காட்டினார். நான் உன்னைப் பார்த்தேன். பகையாளியைப் பார்க்கிற மாதிரி நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வெகுநேரம் யோசித்தேன். பிறகு மேலே ஏற்றினேன். உன் கொட்டை எல்லாம் நடுவுக்கு வந்தது. உன்னிடம் ஓர் ஆஸ் இருந்தது, நடுவில் இன்னோர் ஆஸ் விழவில்லை; என் ஜாக் சோடி வென்று நீ எழும்பினாய்.

"மனிசனாடா நீ?" என்று காக்கா பாய்ந்தார். சாப்பிட்டு முடிந்ததும் யாரையும் கிட்ட விடாமல், குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து நீ சட்டி கழுவினாய். தேங்காய்த் தும்பால் தேய்த்துக்கொண்டே என்னை ஏசினாய். "ரெண்டு ஜாக் இருக்கக்குள்ள இவ்வளவு நேரம் யோசிக்கிறதா? மடையா! எடுத்த உடன ஏத்தோணும்." உன்னைக் கூட்டிப் போக வந்த உன் மனைவி, முழங்கை வரை கரியோடு இருந்த உன்னைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

நீ கண்மூடிய முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு நான் வந்தபோது உன் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டாள். ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போனேன். "அண்ணன், அண்டைக்கு வீட்ட வந்து என்ன சொன்னவர் தெரியுமா? 'எல்லாரும் என்ன எப்பவோ அனுப்பிட்டாங்கள், இவன் ஒருத்தன்தான் நான் இன்னும் இருக்கன் எண்டு விளையாடுறான்' எண்டு சொல்லிச் சிரிச்சவர். சோறும் கேட்டுச் சாப்பிட்டவர்." வாய்விட்டு அழுதேன் மச்சான். அழுத பிறகு மனம் நிறைந்திருந்தது, இப்போதும் அப்படித்தான்.

போன மாதம் ராசிக் காக்காவுக்கு நெஞ்சில் ஒப்பரேசன். முந்தாநாள்தான் பொல்லை ஊன்றிக்கொண்டு மேசைக்கு வந்தார். எல்லோரும் அவருக்கு மெல்ல மெல்ல வழிவிடத் தொடங்கினார்கள். நான் யோசிக்கவே இல்லை, நல்ல காட்ஸ் வந்த உடனே ஏற்றி, அவரை மூன்றாமிடத்தில் அனுப்பிவிட்டேன். குழாயடியிலிருந்து ஊருக்கே கேட்கும்படி என் பரம்பரையை ஏசினார். அந்த ஏச்சில் வருத்தக்காரனின் குரல் கொஞ்சமும் இல்லை.