ஆர்வம் இல்லாதவள்

ஜனவரி 21, 2025

பனி. விரல் மரத்துப்போய்த்தான் பள்ளிக்குப் போனேன். அறிவியல் பீரியடைப் பிடுங்கிக்கொண்டு திண்டுக்கல்லிலிருந்து ஒரு குழு. பத்தாம் வகுப்புக்கு அறிவியல், தொழில்நுட்ப வேலைகளில் எவ்வளவு ஆர்வம் என்று அளக்கிறார்களாம். ஒன்றிலிருந்து ஐந்துவரை வட்டம் போட வேண்டும். 'வெளியூரில் தங்கி ஆராய்ச்சி செய்வேன்.' ஒன்று. 'ஆய்வகத்தில் இரவு வேலை பார்ப்பேன்.' ஒன்று. எங்கள் வீட்டில் வேறென்ன போட முடியும்? மலையை விட்டு இறங்கிப் படிக்கவே கூடாது என்று அத்தா பெருநாளன்றே சொல்லிவிட்டார். பக்கத்தில் சௌம்யா கேள்வியைப் படிக்காமலே எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டுத் தூங்கினாள்.

பிப்ரவரி 6

முடிவு வந்தது. வகுப்பாசிரியர் சண்முகராஜ் சார் எல்லார் முன்னாலும் வாசித்தார்.

"அப்ரின், ஒனக்கு ஆர்வமே இல்லைன்னு கம்ப்யூட்டர் சொல்லிருச்சும்மா. பேசாம காமர்ஸ் எடு."

சிரித்தார்கள். சௌம்யாதான் முதலிடம்! பள்ளியிலிருந்து சூரிய ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய்ச் சூரியப் புள்ளியைக் காட்டியபோது, எல்லாரும் பஸ் ஏறிய பிறகும் அங்கேயே நின்றவள் நான். எனக்கா ஆர்வம் இல்லை?

பிப்ரவரி 7

சார் முகத்தைப் பார்த்தாலே எரிகிறது.

பிப்ரவரி 10

சார் எங்கள் தைலக் கடைக்கே போய்ச் சொல்லியிருக்கிறார். அத்தாவுக்கு எவ்வளவு சந்தோஷம்!

"மெஷினே சொல்லுதுல்ல. காமர்ஸ் படிச்சிட்டு இங்கனயே இரு."

வாய் அடங்கவில்லை எனக்கு. "வெளியூரு கூடாதுன்னு நீங்க சொன்னீங்க, அதான் ஒண்ணு போட்டேன். அது என் மார்க் இல்ல அத்தா, உங்க மார்க்!"

கை ஓங்கினார். அம்மா நடுவில் வந்து நின்றுவிட்டது. அடி விழவில்லை. அதனால் என்ன — ஓங்கினாரா இல்லையா?

மார்ச் 4

அந்தக் குழுவின் விசாலாட்சி மேடம் மறுபடி வந்தார். நேராகப் போய் நின்றேன். சாரும் இருந்தார்.

"இத வெச்சா எனக்கு காமர்ஸ்?"

மேடம் பதறிவிட்டார். "இல்லம்மா! மொத்தமா பிள்ளைங்களுக்கு எப்படி ஆர்வம் இருக்குன்னு பாக்கத்தான் இது. தனித்தனியா குரூப் முடிவு பண்றதுக்கு இல்ல."

"அப்ப எதுக்குப் பேரு எழுதச் சொன்னீங்க?"

மேடம் தாள்களை அடுக்கினார். சார் செல்போனை நோண்டத் தொடங்கினார். வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டே கேட்டது.

மே 22

அத்தா: "காமர்ஸ்னா கையெழுத்துப் போடுறேன். இல்லாட்டி வீட்டுலயே கெட."

"கெடக்கேன்."

ஜூன் 2

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை. அத்தா வரவில்லை. அம்மா வந்தது! நான் கேட்கவே இல்லை. வெள்ளனே எழுந்து, புர்கா போட்டுக்கொண்டு, "வா" என்றது.

சார் இழுத்தார்: "அவங்க அத்தா சம்மதம்..."

"நான் பெத்தவ. எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க."

ஜூன் 24

அத்தாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கடையில் காத்திருந்தேன். பக்கத்துக் கடை திருமலைச்சாமி மாமா, மகள் என்ன குரூப் என்று கேட்டார். அத்தா தைல பாட்டிலைத் துடைத்துக்கொண்டே, "பிசிக்ஸாம்" என்றார். இத்தனை நாளில் என்னைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். என் பக்கம் நிமிரவில்லை.

நானும் நிமிரவில்லை. வெக்டர் கணக்கு பாக்கி இருந்தது.