ஏழாம் வரியில் ஹைட்ரஜன்

வெள்ளி, இரவு.

மயிலாப்பூரில் இன்று என் பழைய கைடுக்குப் பாராட்டுக் கூட்டம். மூலக்கூறுகளைப் புள்ளியும் கோடுமாக வரைந்து, வெறும் கணக்கிலேயே கொதிநிலையைச் சொல்லிப் பேர் வாங்கிய வேதியியல் பேராசிரியர். பிஎச்டியை நான் பாதியில் விட்டது அவரிடம்தான்.

திரையில் காட்டிய அட்டவணை நான் போட்டது. என் பெயர் இல்லை. அந்தப் புள்ளி-கோட்டுப் படங்களில் ஹைட்ரஜன் அணுக்களை எண்ணாமல் விட்டுவிடுவது வழக்கம். ஏழாம் வரியில் மட்டும் நான் மறந்துபோய்ச் சேர்த்து எண்ணியிருந்தேன். அந்தத் தப்பும் அப்படியே இருந்தது.

"இன்னா மச்சி, சும்மா குந்திக்கினு கீற? கேளுடா!" பக்கத்தில் இருந்த, கூடப் படித்த குமார் இடித்தான்.

எழுந்தேன். "சார், ஏழாவது வரி தப்பு. ஹைட்ரஜனையும் சேத்து எண்ணியிருக்கு."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அடடே, கார்த்தி! அது நீ போட்டதுதானேப்பா?" என்றார் மைக்கில்.

அரங்கமே சிரித்தது. மூன்று வருட வேலையில் என் பெயர் வந்தது அந்த ஒரு வரிக்குத்தான்.