பெசன்ட் நகரில் ஐம்பது சேவல்

பெசன்ட் நகர், மதராஸ்-90
2-6-1974

அன்புள்ள பாரதிக்கு,

நான் சுகம். அங்கே நீயும் அத்தையும் மாமாவும் சுகம்தானே? கையெழுத்துக் கோணலாக இருந்தால் கோபிக்காதே, சந்தோஷத்தில் பேனா ஓடுகிறது. கோழிக்குஞ்சுகள் வந்துவிட்டன! ஐம்பது! அசல் வெள்ளை லெகார்ன் ஜாதி, பொரித்து ஒரே நாள். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். அடையாறு வரை கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டுப் பெட்டியையே எட்டிப் பார்த்தார். இப்போது கொல்லை ஷெட்டில், பல்பு வெளிச்சத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்துகின்றன.

வீட்டில் வளர்த்து விற்பவர்களிடம் வாங்கச் சொன்னார்கள் சிலர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 'அசல் ஜாதி' என்று அவர்கள் சொல்வார்கள், நாம் தலையாட்ட வேண்டும். குஞ்சு பொரித்து விற்கும் ஹேச்சரியில் அப்படி இல்லை. சொன்ன தேதி, கேட்ட எண்ணிக்கை, மூக்கில் தடுப்பு மருந்துச் சொட்டுகூட விட்டுத் தருகிறார்கள். கார்த்திகைக்கு முட்டை வந்துவிடும். அண்ணன் கடையில் பதினோரு வருஷம் புடவை மடித்தது போதும்.

பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் இன்னும் வரவில்லையே. வந்து பார், அசந்துபோவாய்.

உன்,
பொன்ராஜ்

சாத்தூர்
11-6-1974

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லோரும் நலம். அம்மாவுக்குத்தான் முழங்கால் வலி. குஞ்சுகள் நன்றாக வளரட்டும்.

நான் ஏன் வரவில்லை என்று உங்களுக்குத் தெரியாதா? அன்று தி.நகரில் உங்கள் அண்ணன் வீட்டில் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் அண்ணி சூடாமணி அக்கா வந்து, "உன் வீட்டுக்காரர் கடையை விட்டாச்சாமே, பெசன்ட் நகரில் வீடு பிடிச்சாச்சாமே" என்கிறார்கள். ஊருக்கெல்லாம் தெரிந்து கடைசியாக எனக்குத் தெரிகிறது. தனிக்குடித்தனம் வேண்டும் என்று கேட்டவளே நான்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சந்தோஷத்தில் குதித்திருப்பேன். எனக்குக் கோழிமேல் கோபம் இல்லை.

எதிர்த் தெருவில் சுயம்புலிங்கம் மாமா இருக்கிறார். ரயில்வே கார்டாக இருந்து ரிடையரானவர். ரோட் ஐலண்ட் ரெட் ஜாதிக் கோழி வளர்க்கிறார், அத்தனையும் செங்கல் சிவப்பு. பொழுது போகாமல் பார்க்கப் போனேன். "இதுதான் தாய், அதோ தகப்பன்" என்று காட்டினார். ஒரு குஞ்சைத் தனியே எடுத்து, "இதுக்குக் கால்விரல் கோணல். யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்" என்றார். உங்கள் அட்டைப்பெட்டி இப்படியெல்லாம் பேசுமா?

இப்படிக்கு,
ஜெயபாரதி

பெசன்ட் நகர்
14-8-1974

அன்புள்ள பாரதிக்கு,

சிரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் படி.

ஊரூர் மீனவர் குப்பத்து தேசம்மா தினமும் கோழிகளுக்கு மீன் தலை கொண்டுவருவாள். நேற்றுக் கூடையை இறக்கியவள் ஷெட்டையே பார்த்தாள். "இன்னா நைனா, எல்லாமே சேவலா கீது? முட்டை நீயா போடப் போற?" என்றாள். ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். ஐம்பதும் சேவல்! விடியலில் கூவுவது நாலைந்துதான் என்று நினைத்திருந்தேன், ஐம்பதும் சேர்ந்து கூவுகின்றன. இங்குள்ள வேளாங்கண்ணி மாதா கோயில் வரைக்கும் கேட்கிறதாம். பக்கத்து வீட்டுக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஹேச்சரிக்காரர்மேல் குற்றமே இல்லை. அங்கே இரண்டு அடுக்குப் பெட்டி இருந்தது. ஒன்று விலை ரொம்பக் குறைவு. நான் ஒரு கடைக்காரன், மலிவு என்றதும் தூக்கிவிட்டேன். பெட்டையையும் சேவலையும் பிரித்துத்தான் விற்பார்களாம். ஏன் மலிவு என்று நான் கேட்கவே இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

பொன்ராஜ்

சாத்தூர்
20-8-1974

அன்புள்ள அத்தானுக்கு,

சத்தியம் செய்யாமலே படித்தேன். சிரித்து வயிறு வலித்து, அம்மா ஓடிவந்து, அவளும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இப்போது நான் தினமும் சுயம்புலிங்கம் மாமா வீட்டில்தான் இருக்கிறேன். ஜாதி கலந்திருக்கிறதா என்று சிறகை விரித்து அடியில் வெள்ளை இறகு தேடிப் பார்க்கத் தெரியும். எது பெட்டை என்றும் தெரியும்! எட்டுப் பெட்டை, ஒரு சேவல், நாலு மாதக் கோழிகள், என் மனதுக்குள் எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் மாமா சும்மா தருகிறவர் இல்லை. ஷெட்டில் மழைச் சாரல் அடிக்குமா, தண்ணீர் யார் வைப்பார்கள் என்று பெண் கொடுக்கிறவர் மாதிரி விசாரிக்கிறார். கடைசியில், "நீயும் கூடப் போறியாம்மா?" என்றார்.

எழுந்து வந்துவிட்டேன்.

ஜெயபாரதி

பெசன்ட் நகர்
31-8-1974

என் அன்புப் பாரதிக்கு,

வேளாங்கண்ணி கோயிலில் கொடி ஏறிவிட்டது. மிக்கேல் என்று ஒரு மீனவர் திருவிழாச் சமையலுக்கு முப்பது சேவலை வாங்கிப் போனார். மீதியைத் தேசம்மா குப்பத்தில் விற்றுக் கொடுத்தாள். ஷெட் காலி. வீடும் அப்படித்தான் இருக்கிறது.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை தெரியுமா? பயம். அண்ணனிடமும் இல்லை, உன்னிடமும் இல்லை. உன்னிடம் சொன்னால் 'சரி, செய்யுங்கள்' என்பாய். அப்புறம் நான் பின்வாங்க முடியாது. நீ சரி சொல்லிவிடுவாயோ என்று பயந்து, உன்னைக் கேட்காமலே இருந்துவிட்டேன். தப்பு. பெரிய தப்பு.

இப்போது கேட்கிறேன். எட்டுப் பெட்டை போதுமா? ஷெட் கூரைக்குக் கீற்றா, ஓடா? இந்த வீடு உனக்குப் பிடிக்காவிட்டால் வேறு பார்க்கலாமா? நீ வருவாயா பாரதி? வர மாட்டேன் என்றாலும் எழுது.

பொன்ராஜ்

சாத்தூர்
16-9-1974

அன்புள்ள அத்தானுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டீர்களா என்று மாமாவைக் கேட்டேன், திருதிருவென விழித்தார். இந்த விஷயத்தில் உங்கள் ஹேச்சரிக்காரர்தான் கெட்டி. நானே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூடையைத் தூக்கிப் போய் ஊசி போட வைத்து, அது பிடிப்பதற்காக இரண்டு வாரம் பொறுத்திருந்தேன்.

ஓடே போடுங்கள். எட்டு போதும். வீட்டை நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

மாமா கோழி கொடுத்தால் வாங்குகிறவர் பெயரையும் விலாசத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். இன்று காலை பேனாவைத் திறந்து, "வீட்டுக்காரர் பெயரைச் சொல்லும்மா" என்றார். "ஜெயபாரதின்னு போடுங்க மாமா" என்றேன். ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். "விலாசம்?" என்றார். பெசன்ட் நகர், மதராஸ்-90 என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வெள்ளிக்கிழமை காலை எழும்பூருக்கு வந்துவிடுங்கள். முதலில் ரயிலின் கடைசியில் கார்டு பெட்டிக்கு ஓடிப் போய்க் கோழிகளை இறக்குங்கள். நான் மெதுவாக இறங்கி வருகிறேன்.

உங்கள்
பாரதி