தொட்டிக்குப் போன கதவு

அன்பு மகளுக்கு உன் அப்பா சொல்லி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தம்பியும் மூன்று பேரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, இஸ்திரிச் சூட்டில் கையைச் சுட்டுக்கொள்ளாமல் நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை ஆரம்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று பதறாதே. போனில் என்றால் உன் அம்மா என் காதோடு தன் காதையும் சேர்த்து ஒட்டிக்கொண்டு நிற்பாள். அவளுக்குத் தெரியாமல் சொல்ல வேண்டியது இது, அதனால் தையல்கடையில் உட்கார்ந்து சொல்கிறேன், தையல்காரர் எழுதுகிறார். அவர் அளவு எடுப்பாரே தவிர ஊர்க்கதையை வெளியே விடமாட்டார். இப்படிச் சொன்னதும் சிரித்துக்கொண்டே இதையும் எழுதுகிறார்.

உதவிச் சங்கத்தார் எல்லா வீட்டுக்கும் கையில் பணமாகவே கொடுக்கிறார்கள் என்று அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். எனக்கு நினைவு தெரிந்து எத்தனையோ உதவி வந்திருக்கிறது. நீ பிறந்த வருஷம் கோடை வெயிலில் கம்பளி கொடுத்தார்கள். அதற்கு மூன்றாம் வருஷம் மண்வெட்டி வந்தது, காம்பு வரவில்லை, அடுத்த வண்டியில் வரும் என்றார்கள், அந்த வண்டியை இன்றைக்கும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்புறம் ஆடு வந்தது, நம் மண்ணில் முளைக்கிற எதையும் அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்தத் தடவைதான் என்ன வேண்டும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பங்கு, இரண்டு தவணை, அம்மாவின் போனுக்கே வரும். முதல் தவணை வந்த அன்றைக்குப் பணம் போனுக்குள்ளேயே இருக்கிறது என்று நினைத்து அவள் போனை மாவு டப்பாவுக்குள் புதைத்து வைத்தாள், அது உள்ளேயிருந்து மணியடிக்க, தேடித் தேடி அலுத்துப்போனோம். எதிர்வீட்டு முட்டைக்காரம்மா கோழி வாங்க ஓடவில்லை, போன தடவை நாய் தின்றது போதும் என்று முதலில் கம்பி வலை போட்டுக் கூண்டு கட்டினாள். ரேடியோக்காரர் குடித்தே தீர்த்துவிடுவார் என்று எல்லாரும் சொன்னார்கள், அவர் போய்க் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார், இனிமே பாட்டில் நல்லா தெரியும்டா என்று ஊரே சிரித்தது. இப்போது எட்டு வருஷமாகத் தூசி பிடித்துக் கிடந்த பழுது சாமான்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்து ஒட்டிக்கொண்டிருக்கிறார், சிரித்தவர்களின் ரேடியோவும் அதில் இருக்கிறது.

நாங்கள் தண்ணீருக்குப் போட்டோம். முப்பது வருஷம் கிணறு வெட்டினேன், வெட்டிய கிணறெல்லாம் இன்றைக்கு உப்பு. உன் அம்மா அந்த முழங்காலை வைத்துக்கொண்டு பாலத்தடிக் குழாய் வரைக்கும் இரண்டு குடத்தோடு போய் வருகிறாள், நடுவில் மூன்று இடத்தில் உட்காருகிறாள், எந்தெந்தக் கல் என்றுகூட எனக்குத் தெரியும். அதனால் கூரைக்குத் தகரம் போட்டு, மழைத் தண்ணீரைக் குழாயில் இறக்கி, பின்பக்கம் தொட்டி கட்டுகிறோம். முதல் தவணையில் தகரமும் குழியும் ஆயிற்று, குழிக்குள் பாதி உயரத்துக்குச் செங்கல் எழுந்தது. மேல் பாதி பச்சை மண்ணாக நிற்கிறது. மண் எப்போது சரியும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பலமாக ஒரு மழை பெய்தால் செங்கல், சிமெண்ட், கூலி எல்லாம் குழிக்குள் போய்விடும். மூன்று நாளாக மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. நான் வானத்தையும் குழியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், நான் உட்கார்ந்தால் மண் நின்றுவிடுமா என்ன, ஆனாலும் எழுந்து போக மனசு வரவில்லை.

இனிமேல்தான் விஷயம். பேர் எழுத வந்த அன்றைக்கு வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள், நான் நாலு என்றேன். பங்குக்காகச் சொல்லவில்லை மகளே, யார் கேட்டாலும் நாலு என்றுதான் என் வாயில் வரும், வேறு எண் வந்ததில்லை. எல்லாரும் இங்கதான இருக்காங்க என்று அடுத்த கேள்வி வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா அடுப்படியிலிருந்து, மக கடைக்குப் போயிருக்கா, இப்ப வந்துடுவா என்று சொல்லிவிட்டாள். நீ போனது ஒரு புதன்கிழமை, பின்கண்ணாடிக்குப் பதில் அட்டை அடைத்த பஸ், பெட்டியின் பூட்டு உடைந்து என் கிணற்றுக் கயிற்றில் ஒரு துண்டு வெட்டிக் கட்டினோம். ஆறு வருஷம் ஆயிற்று. இதெல்லாம் தெரிந்தவன்தான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் தவணைக்கு முன்னால் சரிபார்க்க நாளை மறுநாள் வருகிறார்கள், பேர் உள்ள எல்லாரும் நேரில் நிற்க வேண்டுமாம். ஒரு வீட்டில் பொய் தெரிந்தால் ஊர் முழுக்க நிறுத்திவிடுவார்கள், மலைக்கு அந்தப் பக்கம் அப்படித்தான் ஆயிற்று என்று பால்காரர் சொல்கிறார். அப்படி ஆனால் முட்டைக்காரம்மா முகத்தில் எப்படி முழிப்பேன். அது போக நீ இருக்கிற ஊரிலும் ஏதாவது பட்டியலில் உன் பேர் இருந்து, ஒரே ஆள் எப்படி இரண்டு இடத்தில் என்று உன் வேலைக்கு ஏதும் வந்துவிடுமோ என்று வேறு பயம். உன் அம்மாவோ, உடனே வரச் சொல்லுங்க, ஒரு நாள் வந்து நின்னுட்டுப் போகட்டும் என்கிறாள். லீவு போட்டால் உன் இடத்தில் வேறு ஆளை வைத்துவிடுவார்கள் என்று நீ ஒரு தடவை சொன்னது அவளுக்கு மறந்துவிட்டது, எனக்கு மறக்கவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், பிறகு ஏன் சொல்கிறேன் என்றால் உன்னிடம் சொன்னால்தான் எனக்கு யோசனை ஓடும். தபாலில் போடாமல் வைத்திருங்கள், மிச்சத்தையும் வந்து சொல்கிறேன் என்று தையல்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஐந்து நாள் ஆயிற்று, மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் வந்து போய்விட்டார்கள். வந்தது ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், செருப்பெல்லாம் புழுதி, நாற்காலி கொண்டுவருவதற்குள் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்துவிட்டாள். உன் தம்பி கல் உடைக்கிற கிரஷர் வேலைக்குப் போகாமல் நின்றான். உன் அம்மா விடிந்ததும் உன் பழைய மஞ்சள் சட்டையைத் தண்ணீரில் முக்கிக் கொடியில் போட்டிருக்கிறாள், யாரோ உடுத்தித் துவைத்த மாதிரி. நான் அதைப் பார்த்தது அந்தப் பெண் வந்த பிறகுதான், சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. நாலாவது ஆள் எங்கம்மா என்று கேட்டாள், கடைக்குப் போயிருக்கா என்றாள் உன் அம்மா. அந்தப் பெண் கையிலிருந்த கருவியைப் பார்த்துவிட்டு, போன தடவையும் கடைக்குத்தான் போயிருந்தாங்கன்னு எழுதியிருக்கே, ரொம்பப் பெரிய கடை போலிருக்கு என்றாள். உன் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவ கடைக்குப் போகலம்மா, ஆறு வருஷம் முன்னாடி பஸ் ஏறிப் போனவ, வேத்தூர்ல ஓட்டல் துணி தேய்க்கறா, பழக்கத்துல நாலுன்னு சொல்லிட்டேன், அவ பேரை எடுத்துடுங்க, ஊரை ஒண்ணும் பண்ணிடாதீங்க என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. இதற்கெல்லாம் ஊரை நிறுத்த மாட்டோம், அந்தப் பட்டியலும் எங்களோடுதான், வேறு எங்கும் போகாது என்றாள். ஆனால் இரண்டாம் தவணையில் உன் பங்கு வராது, முதல் தவணையில் வந்ததையும் கழித்துக்கொள்வார்களாம். பணம் அம்மாவின் போனுக்கு வருவதால் பேரை எடுக்க அவள் கைரேகைதான் வைக்க வேண்டுமாம். இதை நான் யோசிக்கவே இல்லை மகளே, யோசித்திருந்தால் எப்படிச் சொல்லியிருப்பேனோ தெரியாது. உன் அம்மா பெருவிரலை முந்தானையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள், அந்தப் பெண்ணும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் வைத்தாள். வைத்துவிட்டு நேராகப் போய்க் கொடியிலிருந்த சட்டையை எடுத்து, பிழிந்து, மறுபடியும் அதே இடத்திலேயே போட்டாள்.

வருகிற பணத்தில் சுவரை மேலே வரை எழுப்பிவிடலாம், மூடிக்கு சிலாப் போட முடியாது என்றார் கொத்தனார். திறந்த தொட்டி என்றால் கொசு, ஆடு, முட்டைக்காரம்மாவின் கோழி எல்லாம் உள்ளேதான். பலகையாவது வேண்டும், பலகைக்கு எங்கே போவது என்று பேசிக்கொண்டிருந்தோம். உன் அம்மா உள்ளேயிருந்து வந்து, அந்த அறைக் கதவைக் கழட்டுங்க, உள்ள யாரு இருக்கா சாத்திக்கறதுக்கு என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உன் அறைக் கதவைத்தான் சொன்னாள். கொத்தனார் என்னைப் பார்த்தார், நான் குழியைப் பார்த்தேன். அளந்து பார்த்தால் ஒரு சாண் மட்டும்தான் அறுக்க வேண்டியிருந்தது. மழை இன்னும் விழவில்லை, பணம் வரும் என்று நம்பிச் சுவர் வேலை நடக்கிறது, கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறோம், நீ பென்சிலில் உயரம் குறித்த கோடுகள் இருக்கிற பக்கத்தை உள்பக்கமாகப் போட வேண்டாம், நனைந்தால் அழிந்துவிடும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

அன்றிலிருந்து உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு வைக்கிறாள், பேச்சு இல்லை. வீட்டில் நாலு பேரை மூன்றாக்கிய வாய் என்னுடையது, அது அவளுக்கு ஆறாது. நீ ஒன்று செய்ய வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் போனை எடுத்ததும், எப்போது வருவாய் என்று ஒரு தேதி சொல்லு. வாய்க்கு வந்ததைச் சொல்லாதே, ஒரு பொய்யால் பட்டது போதும். நிஜமாக லீவு கிடைக்கிற தேதியைச் சொல்லு, இரண்டு வருஷம் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை, அவள் நாளை எண்ணிக்கொண்டு இருந்துவிடுவாள். எனக்கும் அதற்குள் ஒரு கதவு செய்து மாட்ட வேண்டும்.

நீ எங்கே இருந்தாலும் கை கால் சுகத்தோடு, மனசில் பயமில்லாமல் நன்றாக இரு கண்ணு. பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே, பஸ்ஸுக்குச் சேர்த்து வை. கடிதம் எழுதினேன் என்று அம்மாவிடம் மூச்சு விடாதே.

உன் அப்பா
(பெருவிரல் ரேகை, தையல்கடை நீல மையில் வைத்தது)