கேட் ரூம் சுவரில் நாற்பத்தேழு

17ஆம் தேதி, புதன்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே மூன்று பேரும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் சொல்ல உன் தங்கை எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவின் சட்டைப் பையில் நான்காக மடித்த உப்புத்தாள் ஒன்று இருந்தது. நான் முதலில் பார்த்தது அதைத்தான். அதற்குப் பிறகு வருகிறேன், அம்மா மில்லுக்குக் கிளம்புவதற்குள் அவள் சொல்வதை எழுதி முடிக்க வேண்டும்.

உன் கடிதம் போன வாரம் வந்தது. குளிர் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய், ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே என்கிறாள் அம்மா. ஷிஃப்ட் மாறும் நாட்களில் வெறும் வயிற்றில் டீயை ஊற்றிக்கொண்டு போகாதே, எட்டு மணி நேரம் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து ரயில் ஓடுகிற திரையையே பார்க்கிறவனுக்கு வயிறும் கண்ணும் நன்றாக இருக்க வேண்டும் என்கிறாள். இங்கே பின் அறைக் கூரை தையல் மிஷின் இருக்கிற மூலையில் ஒழுகுகிறது, மிஷினை நகர்த்தினால் கட்டிலுக்கு இடம் இல்லை, அதனால் வாளி வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, ஆபரேஷனுக்கு நாள் குறித்தால் அன்றைக்குத்தான் அவருக்குக் கால் வலி வரும். “உங்கப்பாவுக்கு எதிர்ல நான் நிக்கறேனா இல்லையான்னே தெரியறதில்ல, ஆனா அது கண்ணு கெட்டதால இல்ல, முன்னாடியிருந்தே அப்படித்தான்” என்று சொல்லி அவளே சிரித்துக்கொண்டாள். அடுத்தது மனு. பதினோரு வருடத்துக்கு முன்னால் ரயில் வருகிற நேரத்தில் கேட் திறந்து கிடந்ததற்கும் பால் வேன்காரர் இறந்துபோனதற்கும் அப்பாவின் கவனக்குறைவுதான் காரணம் என்று எழுதி அவரை கேட் கீப்பர் வேலையிலிருந்து நீக்கினார்களே, அதைத் திரும்ப விசாரிக்கச் சொல்லி அம்மா சொல்ல நான் எழுதி அனுப்பிய மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. மூடிக் கிடக்கிற கிளைப் பாதையில் தார் ரோடு வரப்போகிறது. கேட் ரூமை இடிப்பதற்கு முன்னால் இருபத்திரண்டாம் தேதி பத்து மணிக்கு ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், அந்தக் காலத்துக் குறிப்பு ஏதாவது அங்கே மிஞ்சியிருந்தால் காட்டலாம் என்று எழுதியிருக்கிறார்கள். மனு போட்டதற்குத்தான் நீ கோபித்துக்கொண்டாய். “அப்பா செய்த தப்புக்கு நாம் எல்லோரும் போதுமான அளவு அனுபவித்துவிட்டோம், அதைக் கிளறி ரயில்வேயில் வேலை பார்க்கிற என் பெயரையும் கெடுக்க வேண்டாம்” என்று எழுதியிருந்தாய். அந்த வரியை அம்மா என்னை இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். பிறகு, “பெத்தவன் பேரு சுத்தமானா புள்ள பேரு எப்படிடா கெடும், இத அப்படியே எழுது. கேட்டத் திறந்து போட்டுட்டு உக்காந்திருக்கற ஆளு இல்ல அவரு, ஸ்டேஷன்ல இருந்தவன்தான் ஏதோ மாத்திச் சொல்லியிருக்கான்” என்றாள். இதை எழுதும்போதே மில் சங்கு ஊதிவிட்டது, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

இதற்கு மேல் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. தையல் கடையில் முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் துணி வெட்டுகிற மேஜையில் வைத்து எழுதுகிறேன். உன்னிடம் நான் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியதில்லை. கடையிலும் எனக்கு ஊமைக்கோட்டான் என்றுதான் பெயர், காஜா எடுக்க வாய் எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா, கேட் ரூமில் ஏதாவது கிடைக்கிறதா பார்த்து வருவோம், என் கண்ணுக்குத் துணையாக வா என்று என்னைக் கூப்பிட்டார். உப்புத்தாள் எதற்கு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. பழைய ஸ்டேஷனிலிருந்து பாதையின் மேலேயே நடந்தோம். நீ பார்த்தது எதுவும் இப்போது இல்லை. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய் எட்டு வருடம் ஆகிறது, ஜல்லி மட்டும் கிடக்கிறது, அதன் நடுவில் முள்செடி இடுப்பு உயரம். டிக்கெட் கொடுக்கிற ஜன்னலின் கம்பியைக்கூட அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பெயர்ப்பலகை இருந்த இரண்டு தூண் மட்டும் நடுவில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறது. தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த கட்டைகளில் எது யார் வீட்டு வேலியில் நிற்கிறது என்று அப்பா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார், காணாமல்போன மாடுகளைப் பற்றிச் சொல்வது போல. கட்டை இல்லாவிட்டாலும் அவர் கால் இன்னும் கட்டைக்குக் கட்டை வைக்கிற அளவில்தான் விழுகிறது, எனக்கு அது ஓர் அடி வைத்தால் எட்டவில்லை, இரண்டு வைத்தால் மிஞ்சுகிறது, பாதி நடையும் பாதி ஓட்டமுமாகத்தான் போனேன். சின்னப் பாலத்தின் இரும்பு உத்திரத்தை எடுத்துவிட்டார்கள், ஓடைக்குள் இறங்கி ஏறினோம், அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். மேலே வந்ததும் கைகாட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். கை கீழே இறங்கியபடியே துருப்பிடித்துவிட்டது என்றேன். “பத்து வருஷமா வழி விட்டுக்கிட்டு நிக்குது, வர்றவனத்தான் காணோம்” என்றார்.

கேட் ரூம் ஒரு கட்டில் போடுகிற அகலம்தான். அப்பாவுக்குப் பிறகு வந்தவர் பாதை மூடியதும் பூட்டிச் சாவியை ஒப்படைத்ததோடு சரி, போன மாதம் ரோட்டுக்காரர்கள் வந்துதான் கதவை உடைத்தார்கள். ஃபோன் இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டை. அதற்குக் கீழே சுண்ணாம்புச் சுவர் முழுக்கப் பென்சில் எண்கள். உனக்குத் தெரிந்ததுதான், எனக்கு அப்பா அன்றைக்குத்தான் விளக்கினார். ரயில் வருகிறது என்று ஸ்டேஷனிலிருந்து ஃபோன் வரும், வெளியே போய்க் கேட்டை அடைத்துப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து, கையில் இருக்கிற ரகசியப் பட்டியலிலிருந்து ஒரு நம்பர் சொல்ல வேண்டும். நம்பர் சொன்னால் கேட் அடைத்தாயிற்று என்று அர்த்தம், அதைக் கேட்ட பிறகுதான் அங்கே ரயிலை விடுவார்கள். சொன்ன நம்பரை அவசரத்துக்குச் சுவரில் கிறுக்கிவைத்துவிட்டு அப்புறம் நோட்டில் எழுதுவது எல்லோருக்கும் வழக்கம். நோட்டை அப்போதே விசாரணைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அதில் இருப்பது அப்பாவின் கையெழுத்து. சுவரை யாரும் பார்க்கவில்லை.

தேதியைச் சொல்லி, தேடு பாப்பா என்றார். சுவரில் மூக்கு உரசுகிற மாதிரி நின்று தேடினேன். கிடைத்தது. அந்தத் தேதி, காலை பத்து இருபது, நாற்பத்தேழு. அந்த ஏழின் நடுவில் ஒரு சின்னக் கோடு. இந்த வீட்டில் ஏழுக்குக் கோடு போடுகிறவன் நீதான், எனக்கு எண் எழுதக் கற்றுக்கொடுத்தவனும் நீதான் என்பதால் நானும் போடுகிறேன், இந்தக் கடிதத்தின் தேதியைப் பார். இது அண்ணன் எழுத்து என்றேன். “எங்க, விரல் வை” என்றார். வைத்தேன். என் விரலை மெதுவாக நகர்த்திவிட்டு உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். அப்போதுதான் அவர் எதற்கு வந்தார் என்று புரிந்தது. அந்த நாளில் எனக்கு ஆறு வயது, ஜுரத்தில் குவார்ட்டர்ஸ் கட்டிலில் கிடந்தேன். ரயில் நீளமாக ஊதியதும் அதற்குப் பின் வந்த சத்தமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, சத்தம் வந்தபோது அப்பா என் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார். இதை ஜுரத்தில் கண்ட கனவு என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன், ஏனென்றால் அப்பா கேட்டில் இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள், நீயும் சொன்னாய். அதை அவரிடம் சொன்னேன். தேய்ப்பதை நிறுத்தாமலே பேசினார். “அம்மா மில்லுல இருந்தா. உனக்கு ஜுரம் நூத்திமூணு. அரை மணி நேரம் பாத்துக்கடான்னு அவன உக்கார வச்சுட்டு வந்தேன். சத்தம் கேட்டு ஓடினப்புறம் அந்த நம்பர நோட்டுல எழுதினது நான்.” நீ கேட்டை அடைக்கும் முன்பே நம்பரைச் சொல்லிவிட்டாயாம், அதுவும் உன் தப்பு இல்லையாம். “ரெண்டு நடை நடக்கச் சோம்பிக்கிட்டு நானே இருபது வருஷம் அப்படித்தான் பண்ணினேன், ரயில் வர எட்டு நிமிஷம் இருக்கேன்னு. அவன் பாத்துப் பழகினது என்னைத்தான்.” வெளியே நீ கேட்டை இறக்கப் போனபோது பால் வேன்காரர் ஹார்ன் அடித்து, ஒரே நிமிஷம் தம்பி என்று கேட்டிருக்கிறார், நீ விட்டிருக்கிறாய், வேன் தண்டவாளத்தின் மேல் நின்றுபோயிற்று. “அவனுக்குப் பதினேழு வயசு. நம்பர் குடுத்தது பெருசா, அவன அங்க உக்கார வச்சது பெருசா, நீயே சொல்லு” என்றார். அதற்குப் பதிலை இங்கே எழுதுகிறேன். இரண்டும் பெரிதுதான், இரண்டும் எந்தக் காகிதத்திலும் இல்லை.

கொஞ்ச நேரம் தேய்த்து, தூசியை ஊதிவிட்டு, “போயிடுச்சா பாரு” என்று கேட்டார். அவர் தேய்த்தது அரைச் சாண் தள்ளி. யாரோ என்றைக்கோ எழுதியதைத் தேய்த்து வெள்ளையாக்கியிருந்தார், உன் நாற்பத்தேழு அப்படியே இருந்தது. போயிடுச்சுப்பா என்றேன். அப்பாவிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. திரும்பும் வழி முழுக்க உன் கண்ட்ரோல் ரூமைப் பற்றித்தான் பேச்சு, ஒரே பட்டனில் இருபது கேட் அடைபடுமாமே என்றார். எனக்கு உன்மேல் எது ஆறவில்லை என்று மூன்று நாளாக யோசித்தேன். வேனை விட்டது இல்லை. எனக்கும் இப்போது அதே பதினேழு வயதுதான், யாராவது ஒரு நிமிஷம் என்று கேட்டால் நானும் விட்டிருப்பேன். வாயை மூடிக்கொண்டதும் இல்லை, அப்பாதான் மூடச் சொன்னாராம். “அப்பா செய்த தப்பு” என்று உன் கையால் எழுதினாயே, அதுதான். அதை எழுதச் சொல்லி உன்னை யாரும் கேட்கவில்லை. பால் வேன்காரரின் மகள் என் வகுப்பில் என் பெஞ்சில்தான் இருந்தாள், ஒருநாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனாள், எட்டாவதோடு நான் பள்ளிக்கூடத்துக்கே போகாமல் நின்றுவிட்டேன். கூச்ச சுபாவம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். அப்பா கடைத்தெருவுக்குப் போனால் சுவர் ஓரமாகவே நடக்கிறார், புரையால்தான் என்று சொல்லிக்கொள்கிறோம், புரை வந்தது போன வருடம்தான். உன் மாமனார் வீட்டில் அப்பாவை ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் என்று சொல்லிவைத்திருக்கிறாய். அது தெரிந்தபோதுகூட அவர், “பரவாயில்ல, வேலைய விட்டு நின்னப்புறம் புரமோஷன் குடுத்திருக்கான்” என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. இருபத்திரண்டாம் தேதி அதிகாரியிடம் நான்தான் சார் எல்லாம் என்று சொல்லப்போகிறார், அதற்காகச் சட்டையை இஸ்திரி போடக் கொடுத்திருக்கிறார்.

அப்பாவின் ஆசீர்வாதம் உனக்கும் அண்ணிக்கும். டூட்டியில் கண் அசந்தால் உட்காராமல் எழுந்து நின்றுகொள் என்கிறார். நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இரு என்று அம்மா சொன்னாள். பார்சலில் அனுப்பிய கம்பளிச் சட்டை வந்ததா, கை நீளம் சரியாக இருக்கிறதா என்று மறக்காமல் எழுதச் சொன்னாள், சுடுதண்ணீரில் போடாதே, சுருங்கிவிடும்.

இப்படிக்கு,
முதல் பக்கம் சொன்ன அம்மா,
நான் எழுதியது ஒன்றும் தெரியாத அப்பா,
எழுதிய தங்கை.

பின்குறிப்பு: சுவரில் இருப்பது, எனக்கு ஞாபகம் இருப்பது, அப்பா தேய்த்தது, நான் பொய் சொன்னது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதி, கீழே என் பெயரும் வயதும் போட்டு, விசாரணை அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். தபால் ஆபீசில் பதிவுத் தபால் வாங்குகிறவர், விலாசம் புரியவில்லை, சத்தமாகச் சொல்லு என்றார். வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். சத்தமாகச் சொன்னேன். அது நேற்றே போய்விட்டது. இதை இன்று போடுகிறேன்.